மாநாடு நடத்தப் போகிறீர்களா? மைக்கை முதலில் பாருங்கள்

(யாரும் பயன்படுத்தவும் மாற்றவும் பகிரவும் உரிமை தரும் கட்டற்ற மென்பொருளுக்காக வேலூரில் தன்னார்வலர்களே சேர்ந்து ஒரு மாநாடு நடத்துவது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளும் பதில்களும்.)

கே: காட்பாடியில் பொறியியல் படிக்கும் பன்னிரண்டு பேர் நாங்கள். இரண்டு நாள், மூன்று அரங்கு, ஐந்நூறு பேர் என்று திட்டம். தேர்வெல்லாம் முடிந்து மே மாதம் வைத்தால் ஓய்வாகச் செய்யலாம் அல்லவா? — மாணவி, காட்பாடி

ப: மே வேண்டவே வேண்டாம். 4ஆம் தேதி கத்திரி பிறந்துவிடும். வேலூர் வெயிலில் மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு கல்லூரி அரங்கில் ஆளை உட்கார வைப்பது தண்டனை. அதைவிடப் பெரிய சிக்கல், விடுதி காலியாகி உங்கள் பன்னிரண்டு பேரில் பாதிப் பேர் ஊருக்குப் போயிருப்பார்கள். அக்டோபர் பாதியிலிருந்து டிசம்பர் வரை மழை, கூடவே பருவத் தேர்வு. ஆக, பிப்ரவரி முதல் மார்ச் நடு வரை, இல்லாவிட்டால் ஜூலை கடைசி முதல் செப்டம்பர் வரை. 2004-இல் தொடங்கிய ‘மென்பொருள் விடுதலை நாள்’ செப்டம்பர் மூன்றாம் சனிக்கிழமை பல நாடுகளில் கொண்டாடப்பட்டு வருகிறது. அந்தத் தேதி கிடைத்தால் அழைப்பிதழுக்குக் காரணம் தேட வேண்டாம்.

தேதி முடிவு செய்யும்முன் நாட்காட்டியில் பௌர்ணமியையும் பாருங்கள். திருவண்ணாமலை கிரிவலக் கூட்டம் காட்பாடியிலும் வேலூர் பேருந்து நிலையத்திலும் இறங்கி ஏறும் நாள் அது. வெளியூர்ப் பேச்சாளர் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து சேருவார். ஆடிக் கிருத்திகை என்றால் இரத்தினகிரி, வள்ளிமலைப் பக்கம் சாலையே நகராது.

இனி அளவு. ஓர் அரங்குக்கு ஒரே நேரத்தில் நான்கு பேர் வேண்டும்: அமர்வை நடத்துபவர், மைக்கும் நேர அட்டையும் பார்ப்பவர், ஒளிப்பதிவு பார்ப்பவர், புரொஜெக்டரும் பேச்சாளர் மடிக்கணினியும் பார்ப்பவர். காலை, மாலை என்று ஆள் மாற்றினால் எட்டுப் பேர். மூன்று அரங்குக்கு இருபத்து நான்கு. பதிவு மேசை, சாப்பாடு, போக்குவரத்தெல்லாம் அதற்கு மேல். இரண்டாம் நாள் காலையில் இவர்களில் எத்தனை பேருக்குக் குரல் இருக்கும் என்றும் யோசியுங்கள். இந்த மாதிரி நிகழ்வுகள் பணத்தட்டுப்பாட்டால் கெடுவதைவிட ஆட்கள் களைத்துப் போய்க் கெடுவதே அதிகம். ஒரு நாள், ஓர் அரங்கு, பக்கத்திலேயே ஒரு கணினி ஆய்வகம், 150 பேர். இதற்கே நீங்கள் இன்னும் எட்டுப் பேரைச் சேர்க்க வேண்டும். அதில் ஒருவருக்கு எந்த வேலையும் கொடுக்காதீர்கள். திடீரென்று வருவதைப் பார்க்க ஒரு கை காலியாக இருக்கட்டும்.

அரங்கைப் பார்க்கப் போகும்போது இருக்கைகளை எண்ணுவது மட்டும் போதாது. பிளக் பாயிண்ட் எத்தனை வேலை செய்கிறது, சக்கர நாற்காலி மேடை வரை போகுமா, விடுமுறை நாளில் கழிப்பறைச் சாவி யாரிடம் இருக்கும், எலக்ட்ரீஷியன் அன்றைக்கு வருவாரா என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அந்தத் தேதியில் விழுகிறதா என்று மின்வாரிய அலுவலகத்தில் இரண்டு வாரம் முன்பே விசாரியுங்கள். ஜெனரேட்டர் இருக்கிறது என்ற பதிலோடு திரும்பி வராதீர்கள். அரங்க விளக்கு, மின்விசிறி, புரொஜெக்டர் எல்லாவற்றையும் போட்டுவிட்டு அதைப் பத்து நிமிடம் ஓட்டச் சொல்லுங்கள். டீசல் இல்லாத ஜெனரேட்டர் அப்போதுதான் தெரியவரும்.

கே: ஒரு நிறுவனம் 50,000 ரூபாய் தருவதாகச் சொல்கிறது. என் வங்கிக் கணக்கில் வாங்கிக்கொள்ளலாமா? பேச்சு ஒன்றும் தரச் சொல்கிறார்கள். — தனியார் நிறுவன ஊழியர், இராணிப்பேட்டை

ப: உங்கள் கணக்கில் வேண்டாம். நிறுவனம் பில் கேட்கும், பான் எண் கேட்கும், வரி பிடித்தம் செய்யும். அது அத்தனையும் உங்கள் சொந்த வருமானமாகப் பதிவாகும். ஜிபேயில் நண்பர்களிடம் திரட்டும் சிறு தொகையும் இப்படித்தான் பின்னால் மனக்கசப்பில் முடியும். இருக்கும் வழி மூன்று. கல்லூரி மன்றத்தின் கணக்கு வழியாக வாங்கலாம். ஏற்கெனவே பதிவு பெற்ற, இதே நோக்கமுள்ள ஓர் அமைப்பை உங்களுக்காகப் பெற்றுச் செலவு செய்யச் சொல்லி எழுத்தில் ஒப்பந்தம் போடலாம். ஆண்டுதோறும் நடத்தப் போகிறீர்கள் என்றால் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன் கீழ் நீங்களே பதிவு செய்துகொள்ளலாம். முதல் ஆண்டே மூன்றாவதில் இறங்க வேண்டாம். ஆண்டுக் கணக்கு ஒப்படைப்பது, கூட்டக் குறிப்பு எழுதுவது எல்லாம் சேர்ந்து வரும்.

சேவை வருமானம் ஆண்டுக்கு 20 லட்சத்துக்குள் இருந்தால் பொதுவாக ஜி.எஸ்.டி. பதிவு தேவைப்படாது. வெளிநாட்டிலிருந்து நன்கொடை வந்தால் மட்டும் நின்று யோசியுங்கள். வெளிநாட்டு நன்கொடையைக் கட்டுப்படுத்தும் எஃப்.சி.ஆர்.ஏ. சட்டத்தின் அனுமதி இல்லாத சங்கம் அதைத் தொடக்கூடாது.

பேச்சை விற்காதீர்கள். பேனரில் பெயர், நுழைவாயிலில் ஒரு மேசை, தொடக்கத்தில் ஒரு நன்றி, அவ்வளவுதான் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள். அவர்களிடம் நல்ல பொருள் இருந்தால் மற்றவர்களைப் போலவே முன்மொழிவு அனுப்பட்டும்.

150 பேருக்கு ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். விலை இடத்துக்கு இடம் மாறும். சாப்பாடும் இரண்டு டீயும் தலைக்கு 230 என்றால் 34,500. அடையாள அட்டை 25 வீதம் 3,750. மைக்செட், பதிவுக் கருவி வாடகை 9,000. பேனர் 3,500. நான்கு பேச்சாளர் பயணம் 8,000. தண்ணீர் கேன், எழுதுபொருள், முதலுதவிப் பெட்டி 4,000. கூட்டினால் 62,750, எதிர்பாராததற்குப் பத்து சதவீதம் சேர்த்தால் 69,000 சொச்சம். நுழைவுக்கு ஆளுக்கு 150 வைத்தால் 22,500 வந்துவிடும். மீதி 46,500-க்கு உங்கள் நிறுவனம் ஒன்றே போதும். டி-ஷர்ட்டை இதில் சேர்க்கவில்லை. அளவு கேட்டு வாங்கி, மீந்ததை அட்டைப்பெட்டியில் மூன்று வருடம் வைத்திருப்பதற்கு அந்தப் பணத்தில் நல்ல சவுண்டு கார்டு வாங்கலாம்.

கே: பேச்சுகளைப் பதிவு செய்து வெளியிட ஆசை. பிற நிகழ்வுகளின் வீடியோக்களில் படம் இருக்கிறது, பேச்சு கிணற்றுக்குள்ளிருந்து கேட்கிறது. ஏன்? — மைக்செட் உரிமையாளர், ஆற்காடு

ப: இந்தக் கேள்வி உங்களிடமிருந்து வந்ததில் மகிழ்ச்சி. விடையில் பாதி, மைக்குகளின் ஒலியைக் கலக்கும் உங்கள் மிக்சர் பெட்டியிலேயே இருக்கிறது. கேமராவோ செல்போனோ கடைசி வரிசையில் நின்று தன் சொந்த மைக்கில் பதிவு செய்யும்போது, பேச்சாளர் குரலைவிட அரங்கச் சுவரில் பட்டுத் திரும்பும் ஒலியும் மின்விசிறி இரைச்சலுமே அதிகம் விழுகின்றன. மிக்சரின் ‘ரெக் அவுட்’ அல்லது ‘ஆக்ஸ்’ வழியே வரும் ஒலியை நேரே கணினிக்கு எடுத்தால் கிணறு போய்விடும்.

இங்கேதான் அடுத்த தவறு நடக்கும். அந்த ஒயரை மடிக்கணினியின் ஒற்றை ஹெட்போன் துளையில் செருகுவார்கள். அந்தத் துளை மைக்கின் மெல்லிய ஒலியை எதிர்பார்ப்பது. மிக்சரிலிருந்து வருவதோ அதைவிடப் பல மடங்கு வலுவான லைன் அளவு. குரல் கிழிந்து கரகரக்கும், அதைப் பிறகு எந்த மென்பொருளாலும் முழுதாகச் சரிசெய்ய முடியாது. லைன்-இன் உள்ள யு.எஸ்.பி. ஆடியோ இன்டர்ஃபேஸ் ஒன்று இடையில் வேண்டும். ஓ.பி.எஸ். ஸ்டூடியோ என்ற கட்டற்ற வீடியோ பதிவு மென்பொருளில் ஒலிப் பட்டை பச்சை, மஞ்சள், சிவப்பு என்று ஆடும். பேசும்போது மஞ்சளில் ஆட வேண்டும், சிவப்பைத் தொடக் கூடாது.

‘ம்ம்ம்’ என்று விடாத இரைச்சல் கேட்டால் பேச்சாளரின் சார்ஜரை ஒரு நிமிடம் கழற்றிப் பாருங்கள். நின்றுவிட்டால் அது எர்த் சுற்று. மடிக்கணினியும் மிக்சரும் அரங்கின் இரு மூலையில் வேறு வேறு பிளக்கில் இருப்பதால் வருவது. இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டிக்குக் கொண்டுவாருங்கள், போகாவிட்டால் ஒலி ஒயரின் நடுவே, நேரடி மின் தொடர்பை அறுத்து ஒலியை மட்டும் விடும் ஒரு ஐசலேட்டர் போடுங்கள். எர்த் பின்னை உடைத்துவிட்டுச் செருகுவது மட்டும் கூடாது. இரைச்சலோடு பாதுகாப்பும் போய்விடும்.

வேலூரில் மின்விசிறியை நிறுத்தச் சொன்னால் கூட்டமே எழுந்து போய்விடும். ஆகவே சட்டையில் குத்தும் மைக்குக்குப் பஞ்சு உறை கட்டாயம். மேடைக்கு நேர் மேலிருக்கும் ஒரு விசிறியை மட்டும் நிறுத்திவிட்டு, பேச்சாளருக்குப் பக்கவாட்டில் தரை விசிறி வையுங்கள். கை மைக் என்றால் வாயிலிருந்து நான்கு விரல் தூரம். கம்பியில்லா மைக்கின் பேட்டரியைச் சாப்பாட்டு இடைவேளையில், தீர்ந்ததோ இல்லையோ, மாற்றிவிடுங்கள். மதியம் மூன்று மணிக்கு அது சாகும் என்பது எழுதப்படாத விதி. சபையிலிருந்து கேள்வி கேட்பவருக்கு இன்னொரு மைக் ஓட வேண்டும். இல்லையேல் பேச்சாளர் கேள்வியைத் திருப்பிச் சொல்லிவிட்டுப் பதில் சொல்ல வேண்டும்.

பதிவுக் கோப்பை எம்.கே.வி. வடிவில் வையுங்கள். எம்.பி.4-இல் பதிவாகும்போது நடுவே மின்சாரம் போனால் முழுக் கோப்பும் திறக்காமல் போகலாம், எம்.கே.வி. என்றால் போன நொடி வரை மிஞ்சும். பிறகு ஓ.பி.எஸ். உள்ளேயே எம்.பி.4 ஆக மாற்றிக்கொள்ளலாம். 720 அளவில், நொடிக்கு 2.5 மெகாபிட் வேகத்தில், ஒரு மணி நேரம் சுமார் 1.1 ஜி.பி. பிடிக்கும். மேசை மேல் ஒரு செல்போனைத் தனியாக ஒலி மட்டும் பதிவு செய்ய விடுங்கள். முதல் பதிவு கெட்டுப்போகும் நாளில் அதுதான் கைகொடுக்கும்.

திரை விஷயம்: பல கல்லூரிப் புரொஜெக்டர்களில் இன்னும் வி.ஜி.ஏ. துளைதான். எச்.டி.எம்.ஐ.-வி.ஜி.ஏ. மாற்றி இரண்டு, யு.எஸ்.பி.-சி மாற்றி ஒன்று பேச்சு மேசையிலேயே கயிற்றால் கட்டிவையுங்கள். கட்டாவிட்டால் யாராவது தெரியாமல் பையில் போட்டுக்கொண்டு போய்விடுவார்கள். கட்டளை தட்டும் டெர்மினல் திரையைக் கறுப்புப் பின்னணியில் காட்டாதீர்கள் என்று பேச்சாளர்களுக்கு முன்பே சொல்லுங்கள். ஜன்னல் வெளிச்சத்தில் சாம்பல் எழுத்து கடைசி வரிசைக்குத் தெரியாது. வெள்ளைப் பின்னணி, கறுப்பு எழுத்து, 24-க்குக் குறையாத அளவு.

கே: மாணவர்களின் மடிக்கணினியில் லினக்ஸ் என்ற கட்டற்ற இயங்குதளத்தை நிறுவித் தரும் பயிலரங்கு வைக்க எண்ணம். கல்லூரியில் 100 எம்.பி.பி.எஸ். இணையம் உண்டு. போதுமா? — பாலிடெக்னிக் ஆசிரியர், குடியாத்தம்

ப: அறுபது பேர் ஆளுக்கு 4 ஜி.பி. இறக்கினால் 240 ஜி.பி. உங்கள் இணையம் முழு வேகத்தில் ஓடினாலும் ஐந்து மணி இருபது நிமிடம். யாருமே அன்று நிறுவி முடிக்க மாட்டார்கள். ஆகவே இணையத்தை நம்பவே வேண்டாம். பத்து பென் டிரைவ்களில் வென்டாய் என்ற பூட் மென்பொருளைப் போட்டு, இரண்டு மூன்று லினக்ஸ் வெளியீடுகளின் ஐ.எஸ்.ஓ. நிறுவல் கோப்புகளை அதிலேயே நகலெடுத்துவிடுங்கள். ஒரே பென் டிரைவில் எல்லாம் பூட் ஆகும். நகலெடுத்ததும், கோப்பு முழுதாக வந்ததா என்று காட்டும் ஷா-256 சரிபார்ப்பு எண்ணைப் பார்த்துவிட வேண்டும். பாதி நகலான கோப்பு நிறுவலின் எழுபதாவது சதவீதத்தில்தான் காலை வாரும். கூடுதல் தொகுப்புகளுக்கு ஒரு மடிக்கணினியில், இறக்கியதைச் சேமித்து வைத்துத் தரும் ஏப்ட்-கேச்சர்-என்ஜி மென்பொருளை ஓட விட்டால், முதல் ஆள் இறக்கியதே மற்ற ஐம்பத்தொன்பது பேருக்கும் உள்ளிருந்து கிடைக்கும்.

வைஃபை கருவி ஒன்றுக்கு முப்பது, நாற்பது பேர்தான் சுகமாக இருப்பார்கள். அறுபது பேர் என்றால் செல்போனும் சேர்த்து நூற்றிருபது கருவி. இரண்டு கருவி வைத்து, 2.4 கிகாஹெர்ட்ஸில் 1, 6, 11 சேனல்களை மட்டும் பிரித்துக் கொடுங்கள், முடிந்தவர்களை 5 கிகாஹெர்ட்ஸுக்குத் தள்ளுங்கள். பெரிய அரங்கில் இன்னொரு பொறி உண்டு. சாதாரண அமைப்பில் 254 முகவரிகள்தான் இருக்கும், வந்து போனவர்கள் முகவரியைப் பிடித்துக்கொண்டே இருப்பதால் மதியத்துக்குள் தீர்ந்துவிடும். ‘இணைந்திருக்கிறது, இணையம் இல்லை’ என்று பாதிப் பேர் புலம்பினால் காரணம் இதுதான். 1,022 முகவரி வரும்படி வலையை விரித்து, ஒரு கருவி முகவரியை வைத்திருக்கும் குத்தகை நேரத்தை ஒரு மணியாகக் குறையுங்கள். கல்லூரி ஃபயர்வால், வெளிக் கணினியோடு பாதுகாப்பாக இணையும் எஸ்.எஸ்.எச். வழியை அடைத்திருக்கிறதா என்றும் முந்தின நாளே சோதியுங்கள். அடைத்திருந்தால், நிரலின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் ‘கிட்’ (Git) மென்பொருள் பயிலரங்கு பாதியில் நின்றுவிடலாம்.

நிறுவலில் அடிக்கடி மாட்டும் இடங்கள்: வின்டோஸில் வட்டைப் பூட்டும் பிட்லாக்கர் போட்டிருப்பது மாணவருக்கே தெரியாது. பூட் அமைப்பைத் தொட்டதும் 48 இலக்க மீட்பு எண் கேட்கும். ஒருவர் உள்ளே வந்ததும் முதல் வேலை, மீட்பு எண் கையில் இருக்கிறதா என்று பார்ப்பது. இரண்டாவது, ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை நிறுத்துவது. மூன்றாவது, வட்டை வின்டோஸுக்குள்ளிருந்தே சுருக்குவது. நிறுவி வட்டையே காட்டவில்லை என்றால் கணினியின் அடிப்படை அமைப்பான பயாஸில் வட்டு இன்டெல் ஆர்.எஸ்.டி. முறையில் இருக்கும், அதை ஏ.எச்.சி.ஐ. முறைக்கு மாற்ற வேண்டும். ஆனால் முன்னேற்பாடு இல்லாமல் மாற்றினால் வின்டோஸ் எழாது. அதனால் அப்படிப்பட்ட கணினியைத் தனி மேசைக்கு அனுப்பி, அனுபவமுள்ளவர் ஒருவரே பார்க்கட்டும். வைஃபை கருவியை இயக்கும் ஃபர்ம்வேர் கோப்பைத் தேடும் தொல்லை முன்போல் இல்லை. 2023-இல் வந்த டெபியன் 12 என்ற லினக்ஸ் வெளியீடு முதல் அதன் நிறுவியிலேயே சேர்ந்து வருகிறது.

கோப்புகளை நகலெடுத்துவிட்டேன் என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கை வையுங்கள். அப்பா கடன் வாங்கிக் கொடுத்த கணினியாக இருக்கும். வின்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்ததால், வின்டோஸ் 11 ஏறாத பழைய கணினிகள் வீட்டில் சும்மா கிடக்கும். அவற்றையும் எடுத்துவரச் சொல்லுங்கள். கற்றுக்கொள்ள அவைதான் பயமில்லாதவை.

கே: நூற்றைம்பது பேர் என்றால் சமையல்காரரிடம் எத்தனை பேருக்குச் சொல்வது? ஆம்பூர் பிரியாணி போடலாமா? — இல்லத்தரசி, சத்துவாச்சாரி

ப: நுழைவு இலவசம் என்றால் பதிவு செய்ததில் பாதிப் பேர் வந்தாலே அதிகம். 150 ரூபாய் கட்டணம் வாங்கினால் ஐந்தில் நான்கு பேர் வருவார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். 180 பேரைப் பதிவு செய்யுங்கள், தன்னார்வலர்களையும் கணக்கில் சேர்த்து 160-க்குச் சொல்லுங்கள். இறுதி எண்ணிக்கையைக் காலை பத்தரைக்குப் பதிவு மேசையிலிருந்து எண்ணித் தருகிறோம் என்று முன்பே பேசிவிட்டால் இருபது பேர் அளவுக்குக் கூட்டிக் குறைக்க அவரும் சம்மதிப்பார். சைவச் சாப்பாட்டுக்கு ஆளுக்கு 110 கிராம் அரிசி, அதாவது பதினேழரை கிலோ. டீ நூறு மில்லி வீதம் இரு வேளைக்கு 32 லிட்டர். தண்ணீர் இரண்டரை லிட்டர் வீதம் 400 லிட்டர், 20 லிட்டர் கேன் இருபது. ஊர் வெயிலுக்கு இரண்டு கூடுதலாக.

பரிமாறும் மேசை ஒன்றே என்றால் கடைசி ஆள் சாப்பிட முக்கால் மணி ஆகும். இரு பக்கமும் எடுக்கும்படி இரண்டு மேசை போடுங்கள்.

பிரியாணி தாராளமாகப் போடலாம். சீரகச் சம்பா, கூடவே கத்திரிக்காய். ஆனால் அது முடிந்த கையோடு உரிமங்களைப் பற்றிய பேச்சை வைக்காதீர்கள்! இரண்டரை மணிக்கு ஆய்வகப் பயிற்சியோ, ஐந்து நிமிட மின்னல் பேச்சுகளோ வையுங்கள். சைவம் வேண்டுவோர் எண்ணிக்கையைப் பதிவின்போதே கேட்க மறக்க வேண்டாம்.

கே: தமிழில் பேசச் சொன்னால் நல்ல பேச்சாளர்கள் தயங்குகிறார்கள். எப்படித் தேர்ந்தெடுப்பது? — கணினிப் பயிற்றுநர், திருப்பத்தூர்

ப: தயக்கம் மொழியில் இல்லை, ‘தூய தமிழில் பேச வேண்டுமோ’ என்ற பயத்தில் இருக்கிறது. கமிட், பிராஞ்ச், சர்வர் என்று வாயில் வருகிறபடி பேசலாம் என்று அழைப்பிலேயே எழுதுங்கள். கட்டளைகள் ஆங்கிலத்தில் இருக்கட்டும், விளக்கம் தமிழில் வரட்டும்.

பன்னிரண்டு வாரம் முன்பு அழைப்பு, ஏழாவது வாரம் முடிவு. அனுப்பியவர் பெயரை மறைத்து மூன்று பேர் மதிப்பெண் போடட்டும். பெயர் தெரிந்தால் நண்பர்களே மேடை ஏறுவார்கள், புதியவர்களும் பெண்களும் பட்டியலில் காணாமல் போவார்கள். முன்மொழிவுகள் நூற்றுக்கணக்கில் வந்தால் பிரிடாக்ஸ் (pretalx) மென்பொருள் உதவும். முப்பது நாற்பதுக்கு லிப்ரே ஆபிஸ் தாள் ஒன்றே போதும். கட்டற்ற மென்பொருள் மாநாட்டுக்குக் கூகுள் படிவத்தில் பதிவு செய்யச் சொல்வது மட்டும் கண்ணை உறுத்துகிறது. லைம்சர்வே என்ற கட்டற்ற படிவ மென்பொருள் இருக்கிறதே.

இருபத்தைந்து நிமிடப் பேச்சு, ஐந்து நிமிடக் கேள்வி, ஐந்து நிமிட இடைவெளி. அந்தக் கடைசி ஐந்தைத் தின்றுவிட்டால் மாலை அட்டவணை ஒரு மணி நேரம் பின்தங்கும். பாதிப் பேச்சுகளாவது புதியவருக்குப் புரிய வேண்டும். தமிழ் விக்கிப்பீடியாவில் ஒரு கட்டுரை திருத்துவது, தமிழ்99 தட்டச்சு, பாலாற்றங்கரை ஊர்களின் ஏரியையும் தெருவையும், யாரும் திருத்தக்கூடிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தில் வரைவது போன்றவை கையோடு செய்து முடிக்கக்கூடியவை. அன்று மாலையே தன் தெரு வரைபடத்தில் ஏறியிருப்பதைப் பார்த்தவர் அடுத்த ஆண்டு தன்னார்வலராக வருவார்.

கே: பேச்சாளர்களை எங்கே தங்க வைப்பது? — வாசகர், வேலூர்

ப: சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றியுள்ள விடுதிகள் நோயாளிகளுக்கும் உடன் வருபவர்களுக்குமானவை, எப்போதும் நிரம்பியிருக்கும். அங்கே நாம் போட்டியிடவும் கூடாது. காட்பாடிப் பக்கமோ, கல்லூரி விருந்தினர் அறையோ பாருங்கள். காட்பாடி சந்திப்பில் இறங்குபவருக்குக் காட்பாடி–பாகாயம் டவுன் பஸ்ஸே போதும். எந்த நிறுத்தத்தில் இறங்குவது என்பதை மட்டும் செய்தியில் அனுப்புங்கள்.

கே: இன்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் அழகாக வடிவமைத்த பேனர், அச்சில் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கமாக வந்துவிட்டது. — மாணவர், வாலாஜா

ப: அச்சகத்தின் பழைய வடிவமைப்பு மென்பொருளுக்கு ஒருங்குறித் தமிழைக் கோக்கத் தெரியவில்லை. எழுத்தை எழுத்தாகக் கொடுக்காதீர்கள். எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து ‘பாதையாக மாற்று’ கொடுத்துவிட்டால் எழுத்து வெறும் கோடாகிவிடும், எந்தக் கணினியிலும் உடையாது. அதன் பிறகு பி.டி.எஃப். ஆக்குங்கள். மாற்றும் முன் மூலக் கோப்பை வேறு பெயரில் சேமித்து வையுங்கள், பாதையான பின் ஓர் எழுத்துப்பிழையைக்கூடத் திருத்த முடியாது. அடுத்த ஆண்டும் கட்ட வேண்டுமானால் தேதியை மட்டும் தனித் துணியில் அடித்துக்கொள்ளுங்கள்.